துருப்புடிச்ச போல்ட்டும் கழட்டற ஆயிலும்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

பல்லடம் பக்கம் நம்முளுது ஹார்டுவேர் கடைங்க. தோட்டத்துக்காரங்க, தறிக்காரங்க, கோழிப்பண்ணைக்காரங்க, லாரி வெச்சிருக்கறவங்கன்னு யாரு வந்தாலும் "நட்டு புடிச்சுக்கிச்சு, நல்ல ஆயிலா ஒன்னு குடுங்க"ன்னுதான் கேக்கறாங்க. எந்த நட்டு, எதுல இருக்குது, தண்ணில கெடந்துதா வெயில்ல கெடந்துதான்னு நாம திருப்பிக் கேட்டா சித்த கோவம் வேற வருது. அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிப்போட்டேன், படிச்சுப்போட்டு வாங்க.

கே: டபிள்யூடி-40 ஒன்னு வாங்கி வெச்சா எல்லாத்துக்கும் ஆகாதுங்களா?

லேசா புடிச்சதுக்கு ஆகும். அது பொறந்த கதைய பாத்தீங்கன்னா வெளங்கும், 1953ல அமெரிக்காவுல சான் டியேகோவுல ராக்கெட் கெமிக்கல் கம்பெனின்னு ஒரு சின்ன கம்பெனி, ஏவுகணை மேல்தகட்டுல ஈரம் தங்கி துருவேறாம இருக்கறதுக்காக செஞ்ச ஃபார்முலா அது. டபிள்யூடின்னா தண்ணிய வெலக்கறது, 40ன்னா நாப்பதாவது தடவ சரியா வந்த கலவை. அட்லஸ் ஏவுகணைக்குத்தான் மொதல்ல போட்டாங்க. ஆக அதோட வேலையே தண்ணிய தள்ளிவிடறதுதானுங்க, பல வருசமா எறுகின நட்ட கழட்டறதுக்குன்னு பொறந்த ஆயில் இல்ல. அதுக்குன்னே தனியா பெனட்ரேட்டிங் ஆயில் இருக்குது. அந்தக் கம்பெனியே ஸ்பெஷலிஸ்ட்ங்கற பேர்ல பெனட்ரன்ட்ட தனி டப்பால விக்கறான்னா பதில் அதுலயே இருக்குதுங்களே. வர்த், லிக்வி மோலி மாதிரி கம்பெனிகளும் துரு கழட்டறதுக்குன்னே ஸ்ப்ரே போடறாங்க. கோயமுத்தூர்ல பெரிய ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைகள்ல கேட்டுப்பாருங்க.

கே: ஆயில் போட்டா துரு கரைஞ்சிருமா?

இல்லீங்க, இங்கதான் முக்காவாசிப் பேரு தப்பா புரிஞ்சுக்கறாங்க. எந்த பெனட்ரேட்டிங் ஆயிலும் துருவ கரைக்கறதில்ல. இரும்பு தண்ணியும் காத்தும் சேர்ந்து துருவா மாறும்போது அதே இரும்பு இருந்த எடத்தவிட பல மடங்கு எச்சா எடம் புடிக்குது, மரைக்குள்ள இருந்த கொஞ்சூண்டு இடைவெளியும் அடைச்சு நட்டையும் போல்ட்டையும் ஒன்னா நெருக்கிப்போடுது, அதான் புடிக்கறது. அந்த துருக்குள்ள மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருக்கும். ஆயில் நல்லா மெல்லிசா இருந்தா அந்த விரிசல் வழியா தானா இழுத்துக்கிட்டு உள்ள போகும், திரியில எண்ணெ ஏற்ற மாதிரி. அதுலயும் பெரும்பகுதி மெல்லிசான சால்வென்ட்தான் இருக்கும், அது ஆயில உள்ள கொண்டுபோய் உட்டுப்போட்டு ஆவியாயிரும், ஆயில் மட்டும் மரைல நிக்கும். துருவ ஒடைக்கறது நம்ம சுத்தியும் ஸ்பேனரும்தான், ஒடைஞ்ச பொடி வழுக்கிக்கிட்டு வர்றதுக்குத்தான் ஆயில்.

கெட்டியான இஞ்சின் ஆயில், கிரீஸ் எல்லாம் இந்த வேலைக்கு ஏன் ஆகாதுன்னா இதுதான் காரணம், மேலயே நின்னுக்கும்.

கே: நம்ம பக்கம் மட்டும் ஏனுங்க இத்தன சீக்கிரம் துருப்புடிக்குது? கடலே பக்கத்துல இல்லியே?

கடல் இல்ல, போர்த்தண்ணி இருக்குதுங்களே. ஆழமா போகப்போக உப்புத்தண்ணிதான் வருது, அது சொட்டுசொட்டா ஒழுகற கேட்வால்வு, ஃபுட்வால்வு, மோட்டார் பேஸ் போல்ட்டு எல்லாத்தையும் பாருங்க, வெள்ளையா உப்பு பூத்து அதுக்கடியில துரு இருக்கும். திருப்பூர் பக்கம் சாயப்பட்டறைல வேலை செய்யற மிசினுக இன்னும் மோசம், சாயம் ஏத்தறதுக்கே உப்பு கரைச்சுத்தான் ஊத்தறாங்க. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைல எச்சத்துல இருந்து வர்ற அமோனியாவும் ஈரமும் சேந்து கூண்டுக்கம்பியோட ஜிங்க் பூச்ச தின்னுரும். உரம் போடற டிரெய்லரு, பொட்டாஷ் மூட்டை வெச்ச சாளைல கெடக்கற கலப்பை, இதுகளும் அப்படித்தான். பொள்ளாச்சி ஆனைமலைப் பக்கம் ஆனி ஆடி சாரல் வேற. எடத்துக்கு எடம் காரணம் மாறுது, அதனால பக்கத்து ஊர்க்காரரு வாங்கின ஆயிலுதான் எனக்கும் வேணும்னு நிக்காதீங்க.

கே: டீசல், சீமெண்ணெய், தேங்காயெண்ணெ, பிரேக் ஆயில், இதெல்லாம் ஊத்தலாங்களா? எங்க அப்பாரு காலத்துல சீமெண்ணெய்தான்.

சீமெண்ணெயும் டீசலும் மெல்லிசு, உள்ள போகும், கைல இருக்கறத வெச்சு ஒரு ராத்திரி ஊறப்போட்டா லேசான துருவுக்கு வேலை செய்யும், அப்பாரு சொன்னது பொய்யில்ல. ஆனா சீமெண்ணெய் காஞ்சதுக்கப்பறம் மரைல ஒன்னும் நிக்காது, கழட்டினதும் ஆயில் தடவலன்னா மறுபடியும் துருதான். டீசல்ல சித்த ஆயில்தன்மை இருக்குது, பரவால்ல. தேங்காயெண்ணெ 24 டிகிரி வாக்குல ஒறைஞ்சு போற சாமான், மார்கழி வெடியால அத ஊத்துனா மேலயே வெண்ணெ மாதிரி உக்காந்துக்கும், போகப்போக சிக்கு வேற புடிக்கும். கடலெண்ணெயும் காஞ்சா பிசினாட்டம் ஆயிரும். பிரேக் ஆயில் பட்டறைகள்ல ஊத்தறாங்கதான், அது ஆயிலே இல்ல, கிளைகால்ங்கற கெமிக்கல், பெயின்ட்ட உரிச்சுப்போடும், காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும், கழட்டிப்போட்டு தண்ணி ஊத்தி கழுவலன்னா துருவுக்கு நாமளே வழிபண்ணின மாதிரி.

பெட்ரோல் மட்டும் வேண்டாங்க. எத்தன சொன்னாலும் கேக்கறதில்ல. ஸ்பேனர்ல சுத்தி அடிச்சா பொறி வரும், பெட்ரோல் ஆவிக்கு அந்தப் பொறி போதும்.

கே: அசிட்டோனும் கியர் ஆயிலும் பாதிப்பாதி கலந்தா எந்த ஸ்ப்ரேயும் பக்கத்துல நிக்காதுன்னு வீடியோல பாத்தேன், நெசமா?

கியர் ஆயில் இல்லீங்க, ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் ஊத்தற செவப்பு ஆயில். கலவை நல்லாவே வேலை செய்யும், செலவும் கம்மி. சிக்கல் என்னன்னா ரெண்டும் நல்லா கலக்காது, சித்த நேரம் வெச்சா பிரிஞ்சு நிக்கும், ஒவ்வொருவாட்டியும் குலுக்கி ஊத்தோணும். அசிட்டோன் பல பிளாஸ்டிக்க கரைச்சுரும், பெயின்ட்ட தூக்கிரும், ரப்பர் ஓ-ரிங்க ஊதவெச்சுரும், அதனால பிளாஸ்டிக் டப்பால போட்டு வெக்காதீங்க, தகர ஆயில்கேன்ல ஊத்துங்க. தீ எங்கயாச்சும் பக்கத்துல இருந்தா தொடவே வேண்டாம், பூஜ்யம் டிகிரிக்கு கீழயே பத்திக்கற ஆவி அதுக்கு. தறிக்கூடம், பஞ்சு மில்லு, கயிறு மில்லு, இங்கெல்லாம் இந்தக் கலவைய உள்ளயே உடக்கூடாது.

கே: ஆயில் அடிச்சு எத்தன நேரம் விடோணும்? அடிச்ச ஒடனே திருப்பினா ஒன்னும் ஆகலியே.

ஒடனே திருப்பினா எப்படிங்க ஆகும். கொறஞ்சது கால்மணி நேரம் அரைமணி நேரம், நல்லா எறுகினதுன்னா பொழுதோட அடிச்சு உட்டுப்போட்டு வெடியால வந்து பாருங்க, நடுவுல தூங்கப்போறதுக்கு முன்னாடி இன்னொருவாட்டி அடிங்க. பெரிய போல்ட்டா இருந்தா ரெண்டு நாளு, தெனமும் ரெண்டுவாட்டி. அவசரம்னு வர்றவங்ககிட்ட இத சொன்னா மூஞ்சி சுருங்குது, ஆனா ஒசத்தி ஆயில அஞ்சு நிமிசம் ஊறவெக்கறதவிட சாதா ஆயில ஒரு ராத்திரி ஊறவெக்கறது மேல்னு நான் எப்பவும் சொல்லுவேன்.

செய்யற மொறைய சொல்லிப்போடறேன். ஆயில் அடிக்கறதுக்கு முன்னாடி கம்பி பிரஸ்ஸுல மரைல இருக்கற மண்ணு, பெயின்ட்டு, உப்பு எல்லாம் தேச்சு எடுங்க, இது இல்லாம அடிக்கற ஆயில் மண்ணுக்குத்தான் போகும். நட்டு எங்க உக்காருதோ அந்த வெளிம்புலயும் போல்ட் முனைலயும் ஆயில் எறங்கோணும், முடிஞ்சா மேல இருந்து கீழ எறங்கற மாதிரி. அப்பறம் போல்ட் தலைல நேரா சுத்தில நாலு தட்டு தட்டுங்க, அடிச்சு நசுக்கறதில்ல, அதிரோணும். துரு ஒடையற சாதி, அதிர்ச்சி குடுத்தா விரிசல் உடும், விரிசல் உட்டா ஆயில் எறங்கும். மறுபடி ஆயில், மறுபடி தட்டு. ஸ்பேனர் போடறப்ப மொதல்ல டைட் பண்ற பக்கம் ஒரு துளி அசைச்சுப்பாருங்க, கிர்ருன்னு ஒரு சத்தம் வந்தா புடி உட்டுப்போச்சுன்னு அர்த்தம், அப்பறமா லூஸ் பக்கம். அசைஞ்சதும் சந்தோசத்துல ஒரேயடியா கழட்டீராதீங்க, ஒடைஞ்ச துருப்பொடி மரைக்குள்ளயே சேந்து பாதில மறுபடி ஜாமாகும். கால்சுத்து முன்ன, அரைக்கால் சுத்து பின்ன, நடுவுல ஆயில், இப்படியே கொண்டுவரோணும்.

ஸ்பேனரும் முக்கியங்க. ஓப்பன் ஸ்பேனர், ஸ்க்ரூ ஸ்பேனர் போட்டு மூலைய வழிச்சுப்போட்டு அதுக்கப்பறம் ஆயில் வாங்க வர்றவங்கதான் எச்சு. ரிங் ஸ்பேனரு இல்லாட்டி 6 மூலை சாக்கெட்டு, 12 மூலை சாக்கெட் எறுகின நட்டுல வழுக்கும். பழைய ஆயில் இஞ்சின், பழைய பம்புசெட்டு இதுலயெல்லாம் இஞ்ச் அளவுல விட்வொர்த் போல்ட்டு இருக்கும், அதுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்னு ஏறாது இல்லாட்டி லூசா நிக்கும், பழைய இரும்புக்கடைல இஞ்ச் ஸ்பேனர் தேடிப்புடிச்சு வாங்கிக்குங்க.

கே: எந்தப் பக்கம் திருப்பினா கழலும்னே சந்தேகமா இருக்குது.

நட்ட நேரா பாத்து நின்னா கடிகாரம் சுத்தறதுக்கு எதிர்ப்பக்கம். எடதுகை மரை இருக்கற எடம் மட்டும் மாத்தி: சைக்கிளோட எடதுபக்க பெடல், பெஞ்ச் கிரைண்டர்ல எடதுபக்க கல்லு, சில பழைய லாரிகள்ல எடதுபக்க வீல்நட்டு. கழலலன்னா அதிகமா பைப்பு போட்டு நெம்பறதுக்கு முன்னாடி வெளிய தெரியற மரை எந்தப்பக்கம் சாயுதுன்னு ஒருக்கா பாத்துக்குங்க.

கே: சூடு காட்டினா கழலுமாமே?

கழலும், ஆயில் தோத்த எடத்துல சூடுதான் ஜெயிக்கும். போல்ட்ட விட்டுப்போட்டு நட்ட மட்டும் சூடு பண்ணோணும், நட்டு விரியும், துரு ஒட்டு உடும். கை தாங்காத சூட்டுல, ஆனா செவக்கறதுக்கு முன்னாடி, மெழுகுவத்திய மரைல வெச்சீங்கன்னா மெழுகு உருகி உள்ள இழுத்துக்கும், பல பேரு பட்டறைல இதத்தான் செய்யறாங்க. சூடா இருக்கற நட்டுல ஸ்ப்ரே அடிக்காதீங்க, பத்திக்கும். ஸ்ப்ரே அடிச்ச எடத்துல சூடு காட்டறதுக்கு முன்னாடியும் தொடைச்சு நல்லா காயவிடோணும்.

டேங்க் பக்கம், டயரோட இருக்கற ரிம், ஷாக் அப்சார்பர், பேரிங், ஆயில் சீல் பக்கம் சூடு வேண்டாம். டயரோட ரிம்ல வெல்டிங் வெச்சு டயர் வெடிக்கறது நெசமா நடக்கற சங்கதி. ஜிஐ, அதாவது ஜிங்க் பூசின இரும்பு போல்ட்டு பைப்பு சூடாச்சுன்னா ஜிங்க் பொகை வரும், மூச்சுல போனா ராத்திரி குளிர்காச்சல் மாதிரி ஒடம்ப முறுக்கும். குளோரின் இருக்கற பிரேக் கிளீனர் அடிச்ச எடத்துல வெல்டிங் வெச்சா ஃபாஸ்ஜீன்னு விஷவாயு வரும், இது வெளையாட்டு இல்ல. தலைல 10.9, 12.9னு எழுதியிருக்கற வலு கூடின போல்ட்டு சூடு பட்டா வலு போயிரும், கழட்டினதும் கடாசிப்போட்டு புதுசு போடுங்க.

திரெட் லாக்கர் பசை போட்டு டைட் பண்ணினதா இருந்தா ஆயில் ஒரு லிட்டர் ஊத்தினாலும் ஆகாது. செவப்பு பசைன்னா 250 டிகிரி வாக்குல சூடு காட்டி சூட்டோட கழட்டோணும்.

கே: போர்ல இருந்து மோட்டார் தூக்கறப்ப ஜிஐ பைப்புகள சேக்கற சாக்கெட் கழலவே மாட்டேங்குது. ஆயில் ஊத்தலாங்களா?

பைப் மேல வந்ததுக்கப்பறம் ஓரமா எடுத்து வெச்சுப்போட்டு ஊத்துங்க, போர் வாய்க்கு மேல வெச்சு ஊத்தாதீங்க. அந்தத் தண்ணிய நாமளும் குடிக்கறோம் மாடும் குடிக்குது. சணலும் பெயின்ட்டும் போட்டு முறுக்கின சாக்கெட்ல ஆயில் எறங்கறது கஷ்டந்தான், அதுக்கு சாக்கெட்ட சுத்தி எதிரெதிரா ரெண்டு சுத்தில ஒரே நேரத்துல தட்டறதும், ரெண்டு பைப் ரிஞ்ச் போட்டு நெம்பறதும்தான் வழி. தெறந்த கெணத்துல ஃபிளாஞ்ச், அதாவது பைப்பு முனைல போல்ட் போட்டு சேக்கற வட்டத்தகடு, போட்ட லைன்னா போல்ட்டோட மல்லுக்கட்டாதீங்க, கிரைண்டர்ல அறுத்துப்போட்டு புது போல்ட் போடறது நேரமும் மிச்சம் கூலியும் மிச்சம். ஃபிளாஞ்ச் மட்டும் வெட்டுப்படாம பாத்துக்கோணும்.

கே: அப்ப எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டே போட்டுட்டா தொல்லையே இல்லீல்ல?

துரு தொல்லை கொறையும், வேற தொல்லை வரும். எஸ்எஸ் நட்டும் எஸ்எஸ் போல்ட்டும் வேகமா முறுக்கினா மரையோட மரை ஒட்டிக்கும், வெல்டிங் வெச்ச மாதிரி. அதுக்கு எந்த பெனட்ரேட்டிங் ஆயிலும் மருந்தில்ல, ஏன்னா அங்க துருவே இல்ல. போடறப்பவே ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவி மெதுவா கையால முறுக்கோணும், இம்பாக்ட் கன்னு வேண்டாம். அலுமினியத்துல எஸ்எஸ் போல்ட் போட்டு உப்புத்தண்ணி பட்டா அலுமினியம் வெள்ளையா பொரிஞ்சு போல்ட்ட கவ்விக்கும், அங்கயும் கிரீஸ் இல்லாம போடாதீங்க.

கே: தலை ஒடைஞ்சுபோச்சு, இப்ப என்ன பண்றது?

மொதல்ல நெம்பறத நிறுத்துங்க. கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா ஒரு நட்ட அதுமேல வெச்சு உள்பக்கமா வெல்டிங் வெச்சு, ஆறினதும் அந்த நட்டோட திருப்பினா முக்காவாசி வந்துரும், வெல்டிங் சூடே பாதி வேலைய செஞ்சுரும். உள்ளயே ஒடைஞ்சிருந்தா லேத் பட்டறைக்கு கொண்டுபோங்க. ஒடைஞ்ச போல்ட்ட உள்ள இருந்து எடுக்கற ஈசி-அவுட்ட வாங்கி வீட்ல முறுக்கி அதையும் உள்ள ஒடைச்சுப்போட்டா அது டிரில்லே எறங்காத இரும்பு, செலவு ரெட்டிப்பாகும்.

கே: ஸ்ப்ரே எங்கெல்லாம் அடிக்கக்கூடாது?

பிரேக் டிஸ்க், பிரேக் ஷூ, கிளச்சு. வி-பெல்ட்டு. தறில துணி போற எடம், ஒரு துளி தெறிச்சா கறை போகாது, பீஸ் வேஸ்ட்டு. ஓடிக்கிட்டிருக்கற மோட்டார். எல்லாத்தவிட முக்கியமா வெல்டிங் கடைல ஆக்சிஜன் சிலிண்டரு, ரெகுலேட்டரு, அதோட ஓஸ் நட்டு: அங்க எந்த ஆயிலும் கிரீஸும் படவேகூடாது, அழுத்தத்துல வர்ற ஆக்சிஜனும் ஆயிலும் சேந்தா நெருப்பே வெக்காம தானா பத்தி வெடிக்கும். எறுகிப்போச்சுன்னு அதுக்கு ஸ்ப்ரே கேட்டு வர்றவங்களுக்கு நாங்க குடுக்கறதில்ல.

கே: கழட்டினது போதும், இனி துருவே வராம இருக்க எந்த ஆயில்?

கழட்டற ஆயில் வேற, காக்கற ஆயில் வேறங்க. கழட்டறது மெல்லிசா இருக்கோணும், காக்கறது நிக்கோணும். மழைல வெயில்ல கெடக்கற ரொட்டவேட்டர் கத்தி போல்ட்டுக்கு ஸ்ப்ரே அடிச்சா ஒரு மழைல போயிரும். உள்ள வெக்கற சாமானுக்கு ஆர்பி ஆயில்னு கேளுங்க, துரு தடுக்கறதுக்குன்னே வர்றது, மில்லு பட்டறைகள்ல லிட்டர் கணக்குல வாங்கறாங்க, ஸ்ப்ரேயவிட காசு நெம்ப கம்மி. வெளிய கெடக்கறதுக்கு கிரீஸோ மெழுகு மாதிரி காஞ்சு படியற ஸ்ப்ரேயோ. கழட்டவே வேண்டாத எடத்துக்கு ஆயிலே வேண்டாம், துருவ தேச்சுப்போட்டு ரெட் ஆக்சைடோ ஜிங்க் பெயின்ட்டோ அடிச்சு மேல எனாமல் அடிச்சுருங்க.

பழைய இஞ்சின் ஆயில் தடவறது நம்ம பக்கம் வழக்கம். சும்மா கெடக்கறதுக்கு தேவலாம், ஆனா அதுல எரிஞ்ச கரி, அமிலம் எல்லாம் சேந்திருக்கும், கையில தினமும் படறது தோலுக்கு கெடுதி, கெணத்துமேட்டுல வாய்க்கா ஓரத்துல ஊத்தினா தண்ணில எறங்கும். ஐப்பசி மழைக்கு முன்னாடி கலப்பைய கழுவி, வெயில்ல நல்லா காயவெச்சு, கிரீஸ் தடவி, மண்ணுல படாம கட்டை மேல ஏத்தி வெக்கறதுல பாதி பேரு அந்த காயவெக்கறத உட்டுப்போடறாங்க. ஈரத்து மேல கிரீஸ் தடவினா ஈரத்த உள்ள வெச்சு மூடின கதைதான்.

கே: மரைல காப்பர் கிரீஸ் தடவினா லூசாயிருமா?

லூசாகாது, ஓவர் டைட்டாகும். வழுக்கறதால அதே பலத்துக்கு போல்ட்டு எச்சா இழுபடும், முறுக்கற பலத்த அளந்து காட்டற டார்க் ரிஞ்ச் போடறவங்க அளவ இருபது முப்பது சதம் கொறைக்கோணும். லாரி, கார் வீல் நட்டுக்கு கம்பெனிக்காரங்க புக்குல சொல்லியிருந்தா ஒழிய ஆயிலும் வேண்டாம் கிரீஸும் வேண்டாம், மரைய கம்பி பிரஸ்ஸுல சுத்தம் பண்ணினா போதும்.

கே: துருவயே கரைக்கற சாமான் எதுவும் இல்லியா?

இருக்குது, கழட்டினதுக்கப்பறம் போடறது. வினிகர், சிட்ரிக் ஆசிட், புளித்தண்ணி எல்லாம் கரைக்கும், நேரம் எடுக்கும். பாஸ்பாரிக் ஆசிட் இருக்கற ரஸ்ட் கன்வெர்ட்டர் துருவ கருப்பா மாத்தி பெயின்ட் புடிக்க வெக்கும். எதுல போட்டாலும் எடுத்ததும் சமையல் சோடா கரைச்ச தண்ணில அலசி, ஒடனே காயவெச்சு ஆயில் தடவோணும், இல்லீன்னா கண்ணு முன்னாடியே செம்பழுப்பாகும். 10.9, 12.9 போல்ட்ட ஆசிட்ல போடாதீங்க, வெளிய நல்லா இருக்கும், லோடு வந்ததும் படார்னு ஒடையும். பாத்ரூம் ஆசிட்ல போடறதும் வேண்டாம், அந்த பாட்டில டூல்ஸ் வெக்கற அட்டாலில வெக்கறதும் வேண்டாம். மூடி இறுக்கமா இருந்தாலும் அந்த ஆவி கசிஞ்சு பக்கத்துல இருக்கற ஸ்பேனர் செட்டு, டிரில் பிட்டு பூராத்தையும் துருவாக்கிப்போடும், "ஆயில் தடவித்தானுங்க வெச்சேன்"னு வர்றவங்க வீட்ல மொதல்ல நான் கேக்கறது ஆசிட் பாட்டில் எங்க வெச்சிருக்கீங்கன்னுதான்.